பழைய பாக்ஸ்டர்: பேரிங் பயமும் பராமரிப்புச் செலவும்

கேள்வி: 2003-ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் எஸ் காரைச் சென்ற ஆண்டு 7,500 பவுண்டுக்கு வாங்கினேன். 78,000 மைல் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில வினாடிகள் புகை வருகிறது, கூலன்ட் விளக்கு அவ்வப்போது மினுக்குகிறது, கிளட்ச்சும் கனத்துவிட்டது. ஐ.எம்.எஸ். பேரிங்கை உடனே மாற்றாவிட்டால் இன்ஜினே போய்விடும் என்று சொல்லும் மெக்கானிக், கிளட்ச் வேலையையும் சேர்த்து 2,200 பவுண்டு கேட்கிறார். கொடுக்கலாமா, காரை விற்றுவிடலாமா?
(வாசகர், ஹாரோ, லண்டன்)

பதில்: கொடுக்கலாம். ஆனால் பேரிங் பயத்தினால் அல்ல, கிளட்ச்சுக்காக.

1996-இல் வந்த பாக்ஸ்டரிலும், அதையடுத்து வந்த தண்ணீரால் குளிரூட்டப்படும் முதல் 911-இலும் போர்ஷே பொருத்திய எம்96 இன்ஜினில், கிராங்க் தண்டின் சுழற்சியைச் சங்கிலி வழியாகப் பெற்று, வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளுக்குக் கடத்தும் இடைத்தண்டு ஒன்று இருக்கிறது. ஐ.எம்.எஸ். என்பது இதன் ஆங்கிலச் சுருக்கம். அதன் கியர்பாக்ஸ் பக்க முனையைத் தாங்குவது, கிரீஸ் அடைத்து மூடிய பால் பேரிங். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் சீல் தளர்ந்து, கிரீஸ் கரைந்து வெளியேறிய இடத்தில் அழுக்கேறிய ஆயில் புகுந்து தங்கிவிடுகிறது. குண்டுகள் தேய்ந்து பேரிங் சிதறினால் தண்டு ஆட்டம் கண்டு, வால்வுகள் திறந்து மூடும் நேரம் தவறி, அவை பிஸ்டனில் போய் மோதும். அதன்பின் வேறு இன்ஜின் தேடுவதுதான் வழி.

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் இதற்காகத் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு, 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களைத் தழுவி, 2013-இல் சமரசத்தில் முடிந்தது. உங்கள் கார் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், அந்தச் சமரசம் பிரிட்டனில் உங்களுக்கு எவ்விதத்திலும் பயன்படாது. குண்டுகள் இரண்டு வரிசையாக இருந்த தொடக்க கால இரட்டை வரிசை பேரிங்கில் பழுது 1 சதவீதத்துக்கும் குறைவு, உங்கள் காரிலுள்ள ஒற்றை வரிசையில் 8 சதவீத அளவு என்பது அந்த வழக்கை ஒட்டிப் பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. அதாவது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை தப்பியிருக்கின்றன. நாளைக்கே வெடித்துவிடும் என்று அச்சுறுத்துவது வியாபாரப் பேச்சு.

இருந்தாலும் இந்த பேரிங்கை அணுக வேண்டுமானால் கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் கழற்றித்தான் ஆக வேண்டும். கிளட்ச் கனத்துவிட்ட நிலையில் அந்தக் கூலியை எப்படியும் கொடுக்கப் போகிறீர்கள். பேரிங்கையும், கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிட்டால் கூடுதலாவது பெரும்பாலும் பொருள் விலை மட்டுமே. இதைத் தனியாகப் பிறகு செய்துகொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறவர்கள் ஒரே கூலியை இருமுறை கொடுக்கிறார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலில், முந்தைய உரிமையாளர் கொடுத்த ரசீதுகளைப் புரட்டி, இந்த பேரிங் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஆயில் ஃபில்டரை உங்கள் கண்முன் கழற்றச் சொல்லி, உள்ளிருக்கும் காகித மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் துணுக்கு ஓரிரண்டு கிடந்தால் அது பெரும்பாலும் சங்கிலி வழிகாட்டியின் தேய்மானம், கலங்க வேண்டாம். மினுமினுக்கும் உலோகத் துகள்கள், அதிலும் காந்தத்தில் ஒட்டுகிறவை இருந்தால், பேரிங் ஏற்கெனவே தேயத் தொடங்கி, துகள்கள் இன்ஜின் முழுவதும் சுற்றி வந்திருக்கக்கூடும். அந்த நிலையில் புது பேரிங் போடுவது வீண் செலவு. இந்தச் சோதனையைச் செய்ய மறுக்கும் மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள்.

புகையைப் பொறுத்தவரை, இந்த இன்ஜினின் சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருப்பதால் இரவில் சிறிது ஆயில் கசிந்து தங்கிக் காலையில் எரிவது இயல்பு. புகை நிற்காமல் அடர்ந்து வந்தால், ஆயில் ஆவியைப் பிரிக்கும் கருவியின் சவ்வு கிழிந்திருக்கலாம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் வராமல் அடம்பிடித்தால் சந்தேகம் உறுதி.

கூலன்ட் விளக்குக்கு, பின்பக்க டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அங்குள்ள பிளாஸ்டிக் தொட்டி வயதானால் விரிசல் விடும். தொட்டி நன்றாக இருந்தால் மூடியை மாற்றிப் பார்க்கலாம், விலை சொற்பம். முன் பம்பரைக் கழற்றி, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் மக்கிக் கிடக்கும் இலைகளை அள்ளுவதும் அவசியம். உங்களுடையது எஸ் மாடல் என்பதால் நடுவில் மூன்றாவது ரேடியேட்டரும் உண்டு.

விற்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். உதிரிபாகங்களின் விலை, நீங்கள் கொடுத்த 7,500 பவுண்டைப் பார்த்துக் குறைவதில்லை. கார் புதிதாக இருந்தபோது என்ன விலையோ, அந்தத் தகுதிக்குத்தான் இன்றும் பாகங்கள் விற்கின்றன. யானை மலிவாகக் கிடைத்ததென்று அங்குசமும் தீனியும் மலிவாகிவிடுமா? இந்தப் பணத்தைச் செலவழிக்காமல் விற்றால், வாங்க வருகிறவரும் இதே கணக்கைப் போட்டு விலையைக் குறைப்பார். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் வேலையைச் செய்து, ரசீதைப் பத்திரப்படுத்தி, ஓட்டுங்கள். ஃபில்டரில் உலோகம் தென்பட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

கேள்வி: என் 2007 பாக்ஸ்டரிலும் அதே பேரிங்கை மாற்ற வேண்டுமா? குளிர்காலத்தில் காரை நிறுத்திவைத்து, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுகிறேன். இது சரியா?
(வாசகர், ஸ்கார்பரோ, கனடா)

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் காரில் இருப்பது பெரிய அளவு பேரிங். இன்ஜினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது, பழைய பேரிங்குகளைவிட அது உறுதியானதும்கூட. 2009 மாடலிலிருந்து வந்த புதிய இன்ஜின்களில் இந்த இடைத்தண்டே கிடையாது.

ஐந்து நிமிட ஓட்டம் நன்மையைவிடத் தீமையே செய்யும். அதற்குள் ஆயில் சூடேறாது. எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலில் கலந்து அங்கேயே தங்கிவிடும். ஆயில் நன்றாகச் சூடாகும்வரை சாலையில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் வசந்தம்வரை ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். நிறுத்துவதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிட்டு, பேட்டரியில் பராமரிப்பு சார்ஜரைச் சொருகி வையுங்கள். அதை மறந்தால் வேறொரு தொல்லை உண்டு: பேட்டரி இருப்பது முன் மூடிக்கு அடியில், அந்த மூடி திறப்பதோ மின்சாரத்தில். பேட்டரி செத்துவிட்டால், ஓட்டுநர் காலருகே உள்ள ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு முனையை வெளியே இழுத்து, வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துத்தான் மூடியைத் திறக்க முடியும்.