மாற்றிய பேரிங் ஏன் மறுபடி இரைகிறது?
வணக்கம் நண்பரே. மாருதி 800-ல் பின் இடது சக்கரத்தின் பேரிங்கை (சக்கரம் எளிதாகச் சுழல உதவும் குண்டு வளையம்) வீட்டிலேயே மாற்றி, இரண்டே மாதத்தில் திரும்ப இரைச்சல் வருகிறது என்கிறீர்கள். பேரிங் போலி என்று முடிவு கட்டுமுன் அதை எப்படி ஏற்றினீர்கள் என்று யோசியுங்கள். உள்வளையத்தில் தட்டி பிரேக் டிரம்முக்குள் இறக்கியிருந்தால், ஒவ்வொரு அடியும் குண்டுகள் வழியாகப் போய், அவை உருளும் ஓடுபாதையில் பள்ளம் போட்டிருக்கும். பலர் பேரிங்கைக் கெடுப்பது இங்கேதான்.

இந்த முறை வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம் விழட்டும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தைப் புதியதன் வெளிவளையத்துக்கு மேலே வைத்துத் தட்டலாம். என்னைக் கேட்டால், டிரம்மை லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் பிரஸ்ஸில் ஏற்றுவதே நல்லது. டிரம்முக்குள் இருக்கும் இரண்டு பேரிங்குக்கும் நடுவிலுள்ள ஸ்பேசரை (இடைவெளி காக்கும் குழாய்த் துண்டு) மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் நட்டை இறுக்கினால் உள்வளையங்கள் நெருங்கி, பேரிங் சூடேறிவிடும். நட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து சர்வீஸ் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். நட்டு கழலாமல் பிடிக்கும் பிளவு பின்னைப் புதிதாகவே போடுங்கள்.

அப்புறம், வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தி வேலை செய்யாதீர்கள். ஸ்டாண்டு கட்டாயம், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். டிரம் தூசியை வாயால் ஊதவே வேண்டாம், பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.