ஒரே திருட்டு, இரண்டு தண்டனை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நீதிமன்றத்தில் செல்போன் திருடியவருக்கு மூன்று மாதம். பக்கத்து ஊரில் அதே மாதிரி திருட்டுக்கு ஒன்றரை வருடம். அமெரிக்காவில் இருப்பதுபோல் இன்ன குற்றத்துக்கு இத்தனை மாதம் என்று அட்டவணை போட்டுவிட்டால் என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை என்கிறது சட்டம். அதற்குள் எங்கே நிற்பது என்பதற்கு நம்மிடம் பொது வழிகாட்டி கிடையாது. குற்றவியல் நீதிமுறையைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட மளிமத் குழு 2003இல் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டது. 2012இல் சோமன் வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்தக் குறையைச் சொன்னது.

ஆனால் அட்டவணை வேண்டாம். அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களுக்கு 1987இல் வந்த அட்டவணையில் குற்றத்தின் கடுமைக்கு 43 படிகள், பழைய குற்றங்களுக்கு 6 பிரிவுகள், ஆக 258 கட்டங்கள். ஒரு கிராம் கிராக் (புகைக்கும் கட்டி வடிவ) கொக்கெயினுக்கு நூறு கிராம் தூள் கொக்கெயினுக்கான தண்டனை என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அநியாயம்கூட எல்லா ஊரிலும் ஒரே சீராக நடந்தது. 2005இல்தான் அந்த அட்டவணை கட்டாயமில்லை என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒருமுறை ஒரு நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தேன். குற்றவாளி என்று சொன்ன கையோடு நீதிபதி கேட்டார்: "தண்டனை பத்தி ஏதாவது சொல்லணுமா?" பையன் வக்கீலைப் பார்த்தான். அவர் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு நான் மட்டும்தாங்க. குறைச்சுக் குடுங்க." குறைந்தபட்ச தண்டனை கோருகிறார் என்று பதிவானது. அவ்வளவுதான். அந்தக் கேள்வியை 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கொண்டுவந்ததே ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான். முதல் தடவையா, பொருள் திரும்பக் கிடைத்ததா, பிழைப்பு என்ன, யாரும் கேட்கவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இங்கிலாந்து முறை எனக்குப் பிடித்திருக்கிறது. குற்றவாளியின் பொறுப்பு எவ்வளவு, பாதிப்பு எவ்வளவு என்று நீதிபதி முதலில் முடிவு செய்கிறார். அதற்கேற்ற ஆரம்பப் புள்ளி ஒன்று உண்டு. அப்புறம் அந்த ஆளின் நிலைமையைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். ஏன் என்று காரணம் சொல்லியாக வேண்டும். மேல்முறையீட்டில் வாதாட அந்தக் காரணம்தான் பிடி.

நம் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலேயே ஒரு சின்னத் தொடக்கம் இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் தடவை திருடி, திருப்பியும் கொடுத்தவருக்குச் சமூக சேவைதான் தண்டனை.

நீங்கள் சொன்ன இரண்டு தீர்ப்புகளின் நகல் கிடைத்தால் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே மூன்று மாதம் ஏன், இங்கே பதினெட்டு மாதம் ஏன் என்று ஒரு வரி இருந்தாலும் எனக்கு அனுப்புங்கள்.