குடலில் சதை வளர்ச்சி: கால்சியம் பவுடர் தடுக்குமா?

கோபி பக்கத்திலிருந்து 52 வயது வாசகர் கேட்கிறார்: "மலத்தில் ரத்தம் போகிறதென்று குடலுக்குள் கேமரா குழாய் விட்டு ஸ்கோப் பார்த்தார்கள். பெருங்குடலில் 6 மில்லிமீட்டர் பாலிப், அதாவது சதை வளர்ச்சி ஒன்று இருந்தது, எடுத்துவிட்டார்கள். தினமும் கால்சியம் பவுடர் குடித்தால் மறுபடி வராது என்று பங்காளி ஒருத்தர் டப்பா கொடுத்திருக்கிறார். தைராய்டு மாத்திரை சாப்பிடும் என் வீட்டம்மாவும் குடிக்கலாமாம். குடிக்கலாமுங்களா?"

வேண்டாமுங்க. பங்காளி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

பித்த அமிலங்கள் குடல் சுவரை அரிக்காமல் கால்சியம் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது என்பது கணக்கு. 1999-ல் அமெரிக்காவில் பாலிப் எடுத்த 930 பேரை வைத்துச் சோதித்தார்கள். தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 31 பேருக்குத் திரும்ப வந்தது, சாப்பிடாதவர்களில் 38 பேருக்கு. 2015-ல் இன்னும் பெரிய சோதனையில் பலனே தெரியவில்லை. அதே ஆட்களைப் பின்னால் பார்த்தபோது, கால்சியம் சாப்பிட்டவர்களுக்குத் தட்டையான ஒரு வகைப் பாலிப் கூடுதலாக இருந்தது. அதனால் பாலிப்புக்கென்று நான் கால்சியம் எழுதிக் கொடுப்பதில்லை.

சாப்பாட்டுக் கால்சியம் வேறு கதை. 5 லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்த பிரிட்டன் ஆய்வில், தினம் 300 மில்லிகிராம் கூடுதலாக உண்டவர்களுக்குக் குடல் புற்றுநோய் 17 சதவீதம் குறைவு. 300 மில்லிகிராம் என்பது ஒரு டம்ளர் பால்தான். 100 கிராம் ராகி மாவில் அதைவிடக் கொஞ்சம் அதிகமே இருக்கிறது. நம் ஊரிலோ மாட்டைக் கட்டி வைத்துக்கொண்டு, பாலை முழுக்கச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, வீட்டில் வரக்காப்பி குடிக்கிறார்கள்! களியும் தயிரும் இருக்க டப்பா எதற்கு?

டப்பாவில் எழுதியிருப்பதையும் நம்பிவிடாதீர்கள். கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்றிருந்தால் அதில் கால்சியம் 500தான்.

உங்கள் வீட்டம்மா விஷயம் முக்கியம். தைராய்டு மாத்திரையைக் குடல் உறிஞ்ச விடாமல் கால்சியம் தடுக்கும். இரண்டுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலை ஆறுக்குத் தைராய்டு, ஏழுக்குப் பவுடர் என்று குடித்துவிட்டு, "டோஸ் ஏறிக்கொண்டே போகுதுங்க டாக்டர்" என்று வருகிறவர்களை ஓ.பி.யில் பார்க்கிறேன். பவுடர் விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். டோஸ் கூட்டினவரும் கேட்டிருக்க மாட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்று: எடுத்த சதையைச் சோதித்த பயாப்சி ரிப்போர்ட் கையில் இருக்கிறதா? பில் பத்துப் பக்கம் தருகிறார்கள், அந்த ஒற்றைத் தாளைத் தருவதற்குத்தான் மனசு வருவதில்லை. அதில் உங்களுடையது சாதாரண அடினோமா (புற்றுநோய் ஆகாத பாலிப் வகை) என்றிருந்து, குடலும் சுத்தமாக இருந்து முழுக்கப் பார்த்தார்கள் என்றால், அமெரிக்க வழிகாட்டுதல்படி அடுத்த ஸ்கோப் 7 முதல் 10 ஆண்டில் போதும். வருஷா வருஷம் பேக்கேஜ் என்று ஏஜென்ட் வந்தால் உள்ளே விடாதீர்கள்.

ரிப்போர்ட்டை வாங்கி, அடுத்த ஸ்கோப் எந்த வருஷம் என்பதை, ஸ்கோப் பார்த்த டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். டப்பாவைப் பிரிக்காமல் பங்காளியிடம் திருப்பிக் கொடுங்கள்.