போர் தண்ணீர் வீட்டில் பினாயிலுக்குப் பதில் என்ன?

கேள்வி: ஊத்தங்கரை பக்கம் இருக்கிறோம். புழங்குவதற்கு போர் தண்ணீர்தான். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டதால் பினாயில், ஆசிட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்ள நினைக்கிறேன். வினிகரும் சமையல் சோடாவும் கலந்து ஊற்றினேன். நன்றாகப் பொங்கியது, ஆனால் பாத்ரூம் டைல்ஸில் இருக்கும் வெள்ளைக் கறை அப்படியே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: பொங்கியதில்தான் வினையே. வினிகர் புளிப்பு, சோடா காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வேகத்தை மற்றொன்று தின்றுவிடும். கடைசியில் உங்கள் கையில் இருந்தது ஏதோ உப்பு கரைந்த தண்ணீர்தான். இரண்டும் நல்ல பொருட்கள், ஆனால் தனித்தனியாக.

உங்கள் டைல்ஸில் படிந்திருப்பது தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசிய உப்பு. அதைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். வினிகரில் துணியை நனைத்துக் கறைமேல் ஒட்டி அரை மணி நேரம் விடுங்கள், அப்புறம் தேய்த்துக் கழுவுங்கள். பழைய கறை இரண்டு மூன்று தடவையில்தான் போகும். குழாய்க்கும் இதே வழிதான், ஆனால் ராத்திரி முழுக்கக் கட்டிவைத்தால் குழாயின் பளபளப்பு போய்விடும். வினிகர்தான் வேண்டும் என்றில்லை. புளி தட்டும் ஊர்க்காரர்கள் நாம். குழம்புக்குக் கரைத்த புளிச்சக்கையே லேசான கறைக்கும் பித்தளைக்கும் போதும்.

ஒரு எச்சரிக்கை. கடப்பா கல், மார்பிள், மொசைக் தரையில் எந்தப் புளிப்பும் படக்கூடாது. அவற்றில் இருப்பதும் சுண்ணாம்புச் சத்துதான், கறையோடு கல்லும் அரிக்கும். என்ன கல் என்று சந்தேகமா? மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தாலோ, துடைத்தபின் அந்த இடம் மங்கினாலோ புளிப்பு வேண்டாம்.

(வெள்ளைக் கறையைப் பார்த்து, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஃப்ளோரைடு கண்ணுக்குத் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. குடிக்க, சமைக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள்.)

பாத்திரத்துக்கும் தரைக்கும் என் சிபாரிசு பூந்திக்கொட்டை. சோப்பு போர் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து பிசுக்காக ஒட்டும். பூந்திக்கொட்டையின் நுரை அப்படித் திரியாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கொட்டை நீக்கிய 20 தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். பாத்திரத்துக்கு அப்படியே தொட்டுத் தேய்க்கலாம், தரைக்கு அரை வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர். வெளியே வைத்தால் மூன்று நாளில் புளித்து நாறும், அதனால் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள். கண்ணில் பட்டால் பயங்கரமாக எரியும். இயற்கைப் பொருள்தானே என்று குழந்தை எட்டும் இடத்தில் வைத்துவிடாதீர்கள். குளிர்பான பாட்டிலிலும் ஊற்றிவைக்க வேண்டாம்.

பொறுமை இருந்தால் பழத்தோல் என்சைமும் (தோலை வெல்லத்தோடு புளிக்கவைத்த துடைக்கும் நீர்) போடலாம். வெல்லம் 100 கிராம், எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். மூன்று மாதம் ஊற வேண்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். பிளாஸ்டிக் டப்பாதான் சரி, மேலே கால் பங்கு காலியாக இருக்கட்டும். நான் முதல் தடவை கண்ணாடி ஜாடியில் போட்டு இரண்டு நாள் மறந்துவிட்டேன்; ஜாடி வெடித்து, அலமாரி முழுக்க வெல்லப்பாகு, எறும்புக் கூட்டம். மாங்காய் சீசனில் மாம்பழத் தோலும் சேர்க்கலாம், ஆனால் வாசனைக்கு எலுமிச்சைதான். இதுவும் புளிப்புதான், கல் விஷயத்தில் மேலே சொன்னதே இதற்கும்.

இவை அழுக்கு போக்கும், கிருமியைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் கழிப்பறைக்கு பிளீச்சிங் பவுடரே போடுங்கள். அன்றைக்கு வினிகர், என்சைம், ஆசிட் எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது. பிளீச்சிங்கோடு புளிப்பு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.