அரசனை 'தௌ' என்று அழைக்கலாமா?

உங்கள் மகாபாரதக் குறும்படத்தின் ஆங்கில வசனத்தில் சஞ்சயன் திருதராஷ்டிரனை 'தௌ' (thou) என்று விளிக்கிறான். அது மரியாதைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நேர் எதிர். அந்தக் கால ஆங்கிலத்தில் 'தௌ' நம்முடைய 'நீ', மரியாதைக்கு 'யூ' (you). 1603இல் இங்கிலாந்தின் கடலோடி வால்டர் ராலே மீது நடந்த ராஜத்துரோக விசாரணையில், அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்டு கோக் அவரை அவமதிக்கவே 'தௌ' என்று விளித்தார். 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிள் கடவுளை 'தௌ' என்றதால்தான் அந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில் ஒரு கம்பீரம் ஏறியது. நாமும் முருகனை 'நீ' என்றுதானே பாடுகிறோம்!

ஆகவே சஞ்சயன் 'யூ' என்றே பேசட்டும். திரௌபதியை அவைக்கு இழுத்துவரும் துச்சாதனன் வாயில் 'தௌ' வையுங்கள், சுரீரென்று தைக்கும். ஆனால் வினையையும் மாற்ற வேண்டும்: 'தௌ ஆர்' அல்ல, 'தௌ ஆர்ட்' (thou art), 'தௌ ஹேவ்' அல்ல, 'தௌ ஹேஸ்ட்' (thou hast). 'தீ' (thee) என்பது 'உன்னை', 'உனக்கு' வரும் இடத்துக்கு மட்டும். மூன்றாம் காட்சியில் அதை எழுவாயாக வைத்திருக்கிறீர்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் படம் முழுவதும் 'யூ' போதும். கிரேக்கக் காவியமான இலியத்தைத் தழுவிய 'டிராய்' (2004) படத்தில் அக்கிலீஸும் அப்படித்தான் பேசுகிறான்.