சிரிக்கிற பாட்டு குழந்தைகளுக்கு மட்டுமா?

கேள்வி: உங்களுக்குப் பிடித்த ஆல்பங்கள் என்று எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'அவுட் ஆஃப் த புளூ', தே மைட் பி ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 'ஃப்ளட்' இரண்டையும் சென்ற இதழில் குறிப்பிட்டிருந்தீர்கள். துள்ளலும் கோமாளித்தனமும் குழந்தைகளுக்குச் சரி. உங்கள் வயதில் உள்ள ஓர் ஆசிரியர், சோகமும் சிந்தனையும் உள்ள இசையை அல்லவா எடுத்துச் சொல்ல வேண்டும்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வயதுக்கேற்ற சாப்பாட்டை டாக்டர் சொல்லிவிட்டார். இசையிலும் பத்தியம் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

முதலில், இந்த ஆல்பங்களில் சோகம் இல்லை என்று யார் சொன்னது? 'மிஸ்டர் புளூ ஸ்கை'யை மட்டும் எங்கோ தனியாகக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். 1977இல் வெளிவந்த 'அவுட் ஆஃப் த புளூ' என்ற இரட்டை இசைத்தட்டில், மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு அது. அந்தப் பக்கம் முழுவதற்கும் 'மழை நாளுக்கு ஒரு கன்செர்ட்டோ' என்று பெயர். மழைச் சத்தத்தோடு 'ஸ்டாண்டிங் இன் த ரெய்ன்' தொடங்குகிறது. அடுத்து வரும் 'பிக் வீல்ஸ்' தனிமையில் நனைந்து கிடக்கிற பாட்டு. மூன்றாவதான 'சம்மர் அண்ட் லைட்னிங்'கில்தான் கொஞ்சம் வெளிச்சம் எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பிறகுதான் வெயில். மூன்று பாட்டு நனைந்தவனுக்குத்தான் நான்காவதன் ஆனந்தம் புரியும். நீங்கள் நேராக வெயிலுக்குப் போய் நின்றுகொண்டு, இதில் மழையே இல்லையே என்கிறீர்கள்.

அந்த வெயில் எழுதியவருக்கும் சும்மா கிடைக்கவில்லை. அந்தக் குழுவின் தலைவர் ஜெஃப் லின் சுவிட்சர்லாந்து மலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பாட்டெழுத உட்கார்ந்தார். முதல் இரண்டு வாரம் ஒரே மூடுபனி; ஒரு பாட்டும் வரவில்லை. திடீரென்று வெயில் அடித்தது, அடுத்த இரண்டு வாரத்தில் 'மிஸ்டர் புளூ ஸ்கை'யும் இன்னும் பதின்மூன்று பாடல்களும் வந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவு மியூனிக்கில். அந்தப் பாட்டில் மணி போல ஒலிக்கிறதே, அது மணி அல்ல. டிரம்ஸ் வாசித்த பெவ் பெவன் தீயணைப்பு சிலிண்டரைத் தட்டுகிறார். முடிவில் ஓர் இயந்திரக் குரல், "என்னைத் திருப்பிப் போடுங்கள்" என்று கெஞ்சுகிறது. தட்டின் பக்கம் முடிந்துவிட்டதாம்! செல்போனில் கேட்பவர்கள் எதைத் திருப்புவார்களோ தெரியவில்லை.

அது பங்க் என்ற முரட்டு ராக் இசை இங்கிலாந்தை உலுக்கிய ஆண்டு. கோபப்படாத இசையெல்லாம் போலி என்று பேசப்பட்ட காலத்தில், ஒரு மனிதர் வயலின், செல்லோ, கோரஸ் எல்லாவற்றையும் கூட்டி வைத்துக்கொண்டு நீல வானத்தை வாழ்த்தினார். துணிச்சல் என்றால் எனக்கு இதுதான். அதற்காக நான்கு பக்கமும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். 'ஜங்கிள்' வந்தால் காபி போட எழுந்துவிடுவேன்.

'ஃப்ளட்' வேறு ரகம். 1990இல் வந்தது. புரூக்ளினைச் சேர்ந்த ஜான் ஃபிளான்ஸ்பர்க், ஜான் லினெல் என்ற இரண்டு ஜான்களின் ஆல்பம். அதற்கு முன்பே வீட்டு டெலிபோனில் பதில் சொல்லும் கருவியைப் பொருத்தி, அழைப்பவர்களுக்குத் தங்கள் பாட்டைப் போட்டுக் காட்டியவர்கள். 'ஆபீசிலிருந்து அழைத்தால் இலவசம்' என்பது அவர்களுடைய விளம்பரம். இந்த ஆல்பத்தின் பிரபலமான பாட்டைப் பாடுவது குழந்தையின் அறையில் எரியும் பறவை வடிவ இரவு விளக்கு. நம் வீட்டு ஜீரோ வாட் பல்புக்குத் தம்பி. கப்பல்களைக் காத்த கலங்கரை விளக்கம் தன் மூதாதை என்று அது பெருமை அடித்துக்கொள்கிறது. சிரித்துக்கொண்டே கேட்கலாம். ஆனால் அதே தட்டில், விருந்துக்கு வந்த இனவெறியனைக் கண்டிக்காத நண்பனிடம் சண்டை போட்டுவிட்டு வெளியேறுகிறவனின் பாட்டும் இருக்கிறது. 'மினிமம் வேஜ்' ஒரு நிமிடம்கூட ஓடாது. தலைப்பை ஒரு முறை கத்துகிறார்கள், சாட்டை சொடுக்குகிறது, சாகித்யம் முடிந்தது. குறைந்தபட்ச ஊதியம் பற்றி இதைவிடச் சுருக்கமான தலையங்கத்தை நான் எழுதியதில்லை.

இன்னும் 'டெட்' இருக்கிறது. செத்தவன் மளிகைப் பையாகத் திரும்பி வருகிறான். செய்ய நினைத்த எதையும் செய்யாமல் செத்துவிட்டேனா, அல்லது உயிரோடு இருந்தும் செய்ய ஆசைப்பட எதுவும் இல்லையா என்று குழம்புகிறான். பின்னணியில் பியானோ சாவகாசமாக நடந்துபோகிறது. இதில் நீங்கள் கேட்ட சோகமும் இருக்கிறது, சிந்தனையும் இருக்கிறது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரவில்லை என்பதுதான் உங்கள் புகார்.

அழுமூஞ்சிப் பாட்டுக்கு நான் விரோதி அல்ல. அதற்குச் சிபாரிசு தேவையில்லை என்பதால் எழுதவில்லை. 'ஃப்ளட்' பத்தொன்பது பாட்டும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முழுவதையும் வரிசை மாற்றாமல் கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்போதும் குழந்தைகளுக்குத்தான் என்று தோன்றினால், உங்கள் கடிதத்தை ஒரு வரிகூட வெட்டாமல் போடுகிறேன்.