வாரக்கடைசிக்கு ஹாங்காங்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

சென்னையிலிருந்து ஹாங்காங்குக்கு நேரடி விமானம் இருப்பதால், வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களின் கடிதங்கள் அதிகம் வருகின்றன. அவற்றில் சில இங்கே. ஊரைச் சுற்றிக்காட்டுவது என் வேலை இல்லை, காசு எங்கே வீணாகிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறேன்.

கேள்வி: ஹாங்காங் விசாவுக்கு ஏஜென்ட் ஒருவர் தலைக்கு 3,500 ரூபாய் கேட்கிறார். நான்கு பேர். நியாயமான தொகையா? (வேளச்சேரி வாசகி)

பதில்: சுற்றுலாவாகப் போய் 14 நாளுக்குள் திரும்புகிற இந்தியருக்கு ஹாங்காங்கில் விசாவே தேவையில்லை. அதற்குப் பதிலாக, கிளம்பும் முன்பே செய்துகொள்ளும் பதிவு ஒன்று உண்டு. 2017 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஹாங்காங் குடிவரவுத் துறையின் சொந்த இணையதளத்தில் படிவத்தை நிரப்பினால் பெரும்பாலும் அப்போதே முடிவு தெரிந்துவிடும். பதிவுச் சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்செடுத்துக்கொண்டால் போதும். கட்டணம் இல்லை. ஒருமுறை எடுத்தால் ஆறு மாதம் செல்லும், அதற்குள் பலமுறை போய்வரலாம்.

ஆக, உங்கள் ஏஜென்ட் 14,000 ரூபாய் கேட்பது தட்டச்சுக் கூலிக்கு. கொடுக்கக்கூடாது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் ரசீதில் 'விசா கட்டணம்' என்று எழுதினால் அது பொய், 'சேவைக் கட்டணம்' என்று எழுதச் சொல்லுங்கள், தொகை அப்போதே கொஞ்சம் இறங்கிவிடும். இன்னொரு காரணத்துக்காகவும் இதை நீங்களே செய்வது நல்லது. நம் ஊரில் அப்பா பெயர் எங்கே, இனிஷியல் எங்கே, குடும்பப் பெயர் கட்டம் காலியா என்று ஒவ்வொரு பாஸ்போர்ட்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சீட்டில் உள்ள விவரம் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் சீட்டு செல்லாது, கவுன்டரில் நிற்கப்போவது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு நிராகரிக்கப்பட்டால் மட்டும் முறையான விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நாளாகும். அதனால் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.

கேள்வி: '2 இரவு 3 பகல்' பேக்கேஜ் பார்த்தேன். டிக்கெட், ஓட்டல், பீக் டிராம், டிஸ்னிலேண்ட், புத்தர் சிலை, படகுச் சவாரி, ஷாப்பிங் டூர் எல்லாம் சேர்த்து ஒரே விலை. நாமே தனித்தனியாகப் பிடித்தால் மிச்சமாகுமா? (முகப்பேர் வாசகர்)

பதில்: மிச்சமாகுமா என்பதற்கு முன்னால், அந்தப் பட்டியல் கடிகாரத்துக்குள் அடங்குமா என்று பாருங்கள். ஹாங்காங் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, விமானத்தில் ஐந்தரை ஆறு மணி நேரம். நள்ளிரவுக்கு மேல் இங்கே ஏறினால் அங்கே இறங்கும்போது விடிந்திருக்கும், குடிவரவு வரிசை, பெட்டி எல்லாம் முடித்து ஊருக்குள் வர முன்பகல் ஆகிவிடும். தூங்காத கண்ணோடு போவீர்கள், ஆனால் ஓட்டலில் அறை பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். அதையும் 'ஒரு பகல்' என்றுதான் பேக்கேஜ்காரர் எண்ணுவார். விமானம் ஏறப்போகிற கடைசி நாளும் அவருக்கு ஒரு பகல். கூட்டிக் கழித்தால் உங்கள் கையில் நிற்பது ஒன்றரை நாள். டிஸ்னிலேண்டுக்கே ஒரு முழு நாள் வேண்டும். லான்டாவ் தீவிலுள்ள 34 மீட்டர் புத்தர் சிலைக்குக் கேபிள் காரில் ஒரு வழிக்கு 25 நிமிடம், மேலே 268 படி, அப்புறம் வரிசை, அரை நாள் போய்விடும். இதில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும், குழந்தை இல்லாமல் போகிறீர்கள் என்றால் நான் இரண்டையும் விட்டுவிடுவேன்.

மீதி இருப்பவை சல்லிசானவை. துறைமுகத்தைப் பார்க்கத்தானே போகிறோம், அதற்குப் படகுச் சவாரிக்கென்று தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. துறைமுகக் கரையிலுள்ள சிம் ஷா சூயி பகுதியிலிருந்து எதிர்க்கரையான ஹாங்காங் தீவுக்கு ஸ்டார் ஃபெர்ரி படகு நாள் முழுக்க ஓடுகிறது, கட்டணம் ஒரு சில ஹாங்காங் டாலர்தான், மேல்தளத்தில் உட்கார்ந்தால் பேக்கேஜ் படகில் தெரியும் அதே கட்டிடங்கள்தான் தெரியும். (1888இல் இந்தப் படகு கம்பெனியைத் தொடங்கியவர் மிட்டாய்வாலா என்ற பார்சி. நம்மவர் கடை என்று நினைத்துக்கொண்டு ஏறலாம்.) இரவு எட்டு மணிக்குக் கரையோரக் கட்டிடங்களில் நடக்கும் ஒளிக்காட்சிக்கு டிக்கெட்டே கிடையாது. ஹாங்காங் தீவுப் பக்கம் 1904இல் தொடங்கிய டிராமில் (இப்போது இரண்டு மாடி) எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், அதுவும் சொற்பம். பீக் மலைக்குப் போகும் டிராமில் சனி, ஞாயிறு வரிசை நீளமாக இருக்கும். அந்தத் தீவின் சென்ட்ரல் பகுதியில் 15ஆம் எண் பஸ் பிடித்து ஏறிவிட்டு, இறங்கும்போது வேண்டுமானால் டிராமில் வாருங்கள்.

'ஷாப்பிங் டூர்' என்று இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். நகைக்கடை, மருந்துக்கடை என்று கூட்டிப்போய் உட்காரவைப்பார்கள், நீங்கள் வாங்கினால் வழிகாட்டிக்குக் கமிஷன். இருக்கிற ஒன்றரை நாளில் மூன்று மணி நேரத்தை அங்கே தொலைக்க வேண்டுமா? 'கட்டாயக் கடை நிறுத்தம் இல்லை' என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது பிறகு எதற்கும் ஆகாது.

பேக்கேஜில் நான் முக்கியமாகப் பார்ப்பது ஓட்டல். நட்சத்திரத்தை விடுங்கள், பக்கத்து எம்டிஆர் ரயில் நிலையம் எது, நடக்க எத்தனை நிமிடம், அறை எத்தனை சதுர மீட்டர், இந்த மூன்றையும் கேளுங்கள். பத்து சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் 108 சதுர அடி, பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. தூரத்து ஓட்டலில் மிச்சமாகும் காசை தினமும் ஒன்றரை மணி நேரப் பயணமாகத் திருப்பிக் கட்டுவீர்கள், வாரக்கடைசிப் பயணத்தில் அது கட்டுப்படியாகாது. 2025 ஜனவரி 1 முதல் ஓட்டல் வாடகை மேல் 3 சதவீத வரி இருக்கிறது, சர்வீஸ் சார்ஜ் வேறு தனி, விலையில் இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் தடை காரணமாக 2024 ஏப்ரல் முதல் அங்கே ஓட்டல்களில் பல் துலக்கும் பிரஷ், சீப்பு எல்லாம் இலவசமாகத் தருவதில்லை, அதையும் இங்கிருந்தே எடுத்துப்போங்கள்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: டிக்கெட்டும் ஓட்டலும் நீங்களே பிடியுங்கள். ஊரில் யாருடைய துணையும் இல்லாமல் சமாளிக்கலாம், பலகைகள் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. பேக்கேஜ்தான் என்று முடிவு செய்தால், வெளிநாட்டு டூர் பேக்கேஜ் மேல் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், ஆனால் அது செலவு இல்லை, வருமான வரி கணக்கில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் துறை இணையதளத்தில் சரிபாருங்கள்.

கேள்வி: பணமாகக் கொண்டுபோவதா, கார்டா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: இரண்டும், ஆனால் பணம் கொஞ்சமாக. ஹாங்காங் டாலர் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டது, ஒரு அமெரிக்க டாலருக்கு 7.75 முதல் 7.85 வரைதான் அசையும், அதனால் ஃபாரெக்ஸ் கடைக்காரர் 'இன்றைக்கு ஹாங்காங் டாலர் எகிறிவிட்டது' என்றால் முதலில் அமெரிக்க டாலர் விலையைப் பாருங்கள்.

சாதாரண கிரெடிட் கார்டில் பல வங்கிகள் 3.5 சதவீதம் மார்க்அப் (வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் கட்டணம்) போட்டு, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போடும். 50,000 ரூபாய் தேய்த்தால் 1,750, அதற்கு ஜிஎஸ்டி 315, மொத்தம் 2,065 ரூபாய் சும்மா போகிறது. மார்க்அப் குறைவான கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ இருந்தால் அதை எடுத்துப்போங்கள். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கடையில் மெஷின் 'ரூபாயில் கட்டுகிறீர்களா, ஹாங்காங் டாலரிலா' என்று கேட்கும். ரூபாய் என்றால் தெரிந்த கணக்காகத் தோன்றும், ஆனால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரரே போட்டுக்கொள்வார். எப்போதும் ஹாங்காங் டாலரையே அழுத்துங்கள். கடைக்காரர் உங்களைக் கேட்காமலே ரூபாயில் போட்டுவிட்டால், பில்லில் கையெழுத்துப் போடாமல் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

ரயில், பஸ், படகு, சின்னக் கடை எல்லாவற்றுக்கும், பணம் ஏற்றி வைத்துத் தேய்க்கும் ஆக்டோபஸ் அட்டை வாங்கிவிடுங்கள். சுற்றுலாப் பயணிக்கென்று விற்கும் அட்டையின் விலை திரும்ப வராது. டெபாசிட் கட்டி வாங்கும் சாதாரண அட்டையைக் கிளம்பும்போது விமான நிலையத்தில் கொடுத்தால், சிறு கட்டணம் கழித்து மீதியைத் தருவார்கள். இரண்டாவதுதான் லாபம். விமான நிலையத்திலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் 24 நிமிடத்தில் ஹாங்காங் தீவுக்குப் போய்விடும். சிம் ஷா சூயியில் தங்குகிறவர்களுக்கு ஏ21 பஸ் நாதன் ரோடு வழியாகவே போகிறது, நேரம் கூடுதல், காசு வெகுவாகக் குறைவு. நான்கு பேராகப் போனால் ரயிலில் குழு டிக்கெட் கேளுங்கள்.

கேள்வி: அங்கே ஜிஎஸ்டி மாதிரி வரியே இல்லையாமே, கேமராவும் போனும் வாங்கிவந்தால் லாபம்தானே? (திருவல்லிக்கேணி வாசகர்)

பதில்: விற்பனை வரி இல்லை என்பது உண்மை. அதனால் விமான நிலையத்தில் வரி திரும்பப்பெறும் கவுன்டரும் இல்லை, யாராவது 'ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்' என்றால் நகர்ந்துவிடுங்கள். லாபம்தானா என்பது வேறு கணக்கு. இங்குள்ள தள்ளுபடி விலை, கார்டு மார்க்அப், திரும்பி வரும்போது சுங்க வரம்புக்கு மேல் போனால் கட்டும் வரி, இந்தியாவில் அந்த வாரண்டி செல்லுமா என்பது, நான்கையும் போட்டுப் பார்த்தால் பல பொருளில் வித்தியாசம் கரைந்துவிடும். ஹாங்காங்கில் விற்ற பல ஐபோன் மாடல்களில் இரண்டு சிம்மும் அட்டையாகவே போட வேண்டும், இ-சிம் கிடையாது, இதைக் கேட்காமல் வாங்கி வந்து முழிக்கிறவர்கள் உண்டு. சார்ஜர் பிளக் பிரிட்டிஷ் பாணி மூன்று சதுரக் கம்பி.

ஷாம் ஷூய் போ பக்கம் அப்லியூ தெருவுக்குப் போனால் நம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நுழைந்த மாதிரியே இருக்கும், கேபிள், அடாப்டர் என்று சில்லறைச் சாமான் வாங்க நல்ல இடம். கேமராவை அறிமுகமில்லாத கடையில் வாங்காதீர்கள். சிம் ஷா சூயியில் சில கேமராக் கடைகளின் பழைய வித்தை இது: கேட்ட மாடலுக்கு ஆச்சரியமான விலை சொல்லிப் பணத்தை வாங்கிவிட்டு, 'அது ஸ்டாக் இல்லை, இது அதைவிட உசத்தி' என்று வேறொன்றைத் தலையில் கட்டுவார்கள். பெட்டியைத் திறந்து சீரியல் எண்ணைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள், முன்பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

ஜின்செங் வேர், உலர்ந்த கடலுணவு, மூலிகை விற்கும் கடைகளில் வேறு கதை. அங்கே இரண்டு எடைகள் புழங்குகின்றன. கேட்டி என்பது சுமார் 605 கிராம், டேல் என்பது அதில் பதினாறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 38 கிராம். பலகையில் பெரிதாக ஒரு எண் இருக்கும், கேட்டிக்கு என்று நினைத்துத் தலையாட்டுவீர்கள், சீவிப் பொட்டலம் கட்டிய பிறகு 'டேலுக்கு' என்பார்கள், பில் பதினாறு மடங்காக நிற்கும். சீவிவிட்டோம், திரும்ப எடுக்க முடியாது என்று மிரட்டலும் வரும். எடைபோடும் முன்பே மொத்த விலையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். 2013 முதல் நடப்பில் உள்ள திருத்திய வணிக விவரிப்புச் சட்டப்படி இப்படி மறைப்பது அங்கே குற்றம், 5 லட்சம் ஹாங்காங் டாலர் அபராதமும் 5 ஆண்டு சிறையும் வரை போகலாம். ஹாங்காங் சுங்கத் துறையில் புகார் செய்வேன் என்று சத்தம் போடாமல் சொன்னாலே போதும். ஊர் திரும்பிய பிறகு புகார் செய்வது கடினம், ரசீதோடு அன்றைக்கே செய்யுங்கள்.

கேள்வி: நகை வாங்கி வரலாமா? மனைவிக்குச் சலுகை உண்டு என்கிறார்கள். (தி. நகர் வாசகர்)

பதில்: நகைக்கான தனிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புகிறவருக்கு. இரண்டு நாள் போய்வருகிறவருக்கு இல்லை. தி. நகரில் இருந்துகொண்டு ஹாங்காங்கில் நகையா! இங்கிருந்து அதிகமாக அணிந்து போவதாக இருந்தால், கிளம்பும்போதே மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், திரும்பும்போது 'இது என்னுடையதுதான்' என்று வாதாட வேண்டியிருக்காது.

கேள்வி: செப்டம்பரில் விலை குறைவாகக் காட்டுகிறது. போகலாமா? (அம்பத்தூர் வாசகி)

பதில்: குறைவாகக் காட்டுவதற்குக் காரணம் புயல். ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கே சூறாவளிக் காலம். எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றினால் படகு நிற்கும், பஸ் நிற்கும், கடைகள் பெரும்பாலும் மூடிவிடும், விமானங்கள் தள்ளிப்போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து மீனம்பாக்கத்தில் ஓடுபாதையில் தண்ணீர் நின்றபோது என்ன பாடுபட்டோம், அது அங்கே உங்கள் ஒன்றரை நாளுக்குள் நடந்தால் பயணமே போச்சு. ஒரு வாரம் தங்குகிறவர் புயலை அறையில் கழித்துவிட்டு மறுநாள் ஊர் பார்க்கலாம், உங்களுக்கு மறுநாள் கிடையாது. போவதாக இருந்தால், தேதியை மாற்ற முடிகிற டிக்கெட்டும் ரத்து செய்ய முடிகிற ஓட்டலும் எடுங்கள், பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுக்கும்போதே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்த காப்பீடு அந்தப் புயலுக்குப் பொதுவாகச் செல்லாது. நவம்பர், டிசம்பர் நல்ல காலம். அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் வேண்டாம், ஓட்டல் விலை ஏறிக்கிடக்கும்.

கேள்வி: போன மாதம் டிராவல்ஸில் முழுப்பணம் கட்டினேன். வீட்டில் உடம்பு சரியில்லாமல் ரத்து செய்தேன். 'நான்-ரீஃபண்டபிள், ஒரு பைசா வராது' என்கிறார்கள். (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: ஒரு பைசாவும் வராது என்பதை அப்படியே நம்ப வேண்டாம். முதலில் பில்லைப் பிரித்துக் கேளுங்கள்: டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, வரியும் விமான நிலையக் கட்டணங்களும் எவ்வளவு, ஓட்டல் எவ்வளவு, அவர்கள் சேவைக் கட்டணம் எவ்வளவு. இந்திய விமான நிறுவனம் என்றால், திரும்பத் தராத டிக்கெட்டாக இருந்தாலும் சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதி. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அவர்கள் நாட்டு விதிப்படி நடக்கும், அதனால் விமான நிறுவனத்துக்கே நேரடியாக எழுதி, ஏஜென்டுக்கு எவ்வளவு திருப்பினீர்கள் என்று கேளுங்கள். விமான நிறுவனம் திருப்பிய தொகையை ஏஜென்ட் தன் கையில் வைத்துக்கொள்வதும் நடக்கிறது.

பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு மேல் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை இப்போதே சேமித்துவையுங்கள்.

கேள்வி: 67 வயது அம்மா, சுத்த சைவம். கூட்டிப்போகலாமா? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: தாராளமாக. சிம் ஷா சூயியில் மோடி ரோடு பக்கம் தென்னிந்தியச் சைவ ஓட்டல்கள் இருக்கின்றன, அதை ஒட்டியே தங்குங்கள். சீனக் கடையில் 'சைவம்' என்றால் சிப்பிச் சாறு சேர்ந்திருக்க வாய்ப்புண்டு, புத்த மடத்துச் சைவ உணவகம் என்றால் பயமில்லை. 65 வயதுக்கு மேல் முதியோர் ஆக்டோபஸ் அட்டை கேளுங்கள், ரயிலில் கட்டணம் குறையும். புத்தர் சிலையின் 268 படி அம்மாவுக்கு வேண்டாம்.